சுங்கச்சாவடியில் நிற்கும் பஸ்



மதுரைக்குப் போகாத வீடு நம் கான்சாபுரத்தில் உண்டா? பெரியாஸ்பத்திரிக்கு நோயாளியை அழைத்துச் செல்கிறவர் ஒருவர். பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போகிறவர் ஒருவர். கலியாணத்துக்குச் சேலை எடுக்கப் போகிறவர் ஒருவர். யாரானாலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலோ கிருஷ்ணன்கோவிலிலோ பஸ் ஏறினால், டி. கல்லுப்பட்டி, திருமங்கலம் தாண்டி, கப்பலூர் சுங்கச்சாவடியைக் கடந்து மதுரை சேருகிறோம். அடுத்த முறை அங்கே பஸ் நிற்கும்போது ஜன்னல் வழியாகச் சற்றுப் பாருங்கள். பக்கத்தில் ஒரு கார்; அதில் ஒரே ஒருவர் இருக்கிறார். உங்கள் பஸ்ஸிலோ ஐம்பது பேர். இரண்டு வண்டிக்கும் கட்டணம் உண்டு. இந்தச் சாலைக்கு யார் எவ்வளவு கொடுப்பது நியாயம்? சர்க்காரும் கம்பெனியும் பார்த்துக்கொள்ளட்டும் என்று நாம் இதை ஒதுக்கிவிடலாகாது. நீதியைப் பற்றிய கேள்வி மனச்சாட்சியுள்ள எல்லோருக்கும் உரியது.

2025 ஜூலையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி ஆகிய நான்கு சாவடிகளுக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் செலுத்த வேண்டிய பாக்கி 276 கோடி ரூபாய் என்று ஏறிவிட்டது. சாவடிகளை நடத்தும் கம்பெனிகள் வழக்குத் தொடுத்தன. ஜூலை 10 முதல் அரசு பஸ்களை அந்த நான்கு சாவடிகளிலும் அனுமதிக்கக் கூடாதென்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசு அவகாசம் கேட்டதன் பேரில் அந்த உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது, பஸ்கள் ஓடின. ஓடாமல் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கார் உள்ளவர் வழக்கம்போல் மதுரை போயிருப்பார். சிறுநீரக வியாதிக்காக வாரம் இருமுறை பெரியாஸ்பத்திரிக்குப் போகிற ஏழை நடுவழியில் இறங்கி நின்றிருப்பார். அவர் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவர். எந்தக் கடனும் படாதவர்.

இதைக் கேட்டதும் சுங்கம் வாங்குவதே பாவம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அர்ச். மத்தேயு சுங்கத்துறையில் உட்கார்ந்திருந்தவர்தான். ஆயக்காரர் ஸ்நாபக அருளப்பரிடம் வந்து, தாங்கள் என்ன செய்ய வேண்டுமென்று கேட்டபோது, அவர் அந்தத் தொழிலை விட்டுவிடும்படி சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் வாங்காதிருக்கும்படி சொன்னார். சாலை தானாக முளைப்பதில்லை. அதை உபயோகிக்கிறவர் செலவில் பங்கு கொடுப்பது நியாயம். ஒப்பந்தத்தை நம்பிப் பணம் போட்டவருக்குச் சேர வேண்டியதை வருஷக்கணக்கில் நிறுத்தி வைப்பதும் நீதியல்ல.

ஆனால் அந்தப் பங்கை எப்படி அளப்பது? 2008-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள், கிலோமீட்டருக்குக் காருக்கு 65 காசு, பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஒரே வீதமாக 2 ரூபாய் 20 காசு என்று அடிப்படை வகுத்தன. விலைவாசியோடு அது ஆண்டுதோறும் ஏறும். பாரமான வண்டி சாலையை அதிகம் தேய்க்கும் என்பது உண்மையே. ஆயினும் அந்த அளவுகோல் சக்கரத்தைப் பார்க்கிறதேயன்றி, உள்ளே இருப்பது சிமெண்ட் மூட்டையா பிள்ளைத்தாய்ச்சியா என்று பார்ப்பதில்லை. பின்பு 2025 ஆகஸ்ட் 15 அன்று, சொந்தக் கார்களுக்கென்று ஆண்டுச் சீட்டு ஒன்று வந்தது. அப்போது 3,000 ரூபாய் கட்டினால் 200 தடவை கடக்கலாம் என்றிருந்தது. தடவைக்கு 15 ரூபாய்தான் ஆயிற்று. பஸ்ஸுக்கு அந்தச் சலுகை கொடுக்கப்படவில்லை.

வேறு ஊர்கள் வேறு விதமாய் யோசித்திருக்கின்றன. 1975-இல் சிங்கப்பூர், காலை நெரிசல் வேளையில் நகரின் நடுப்பகுதிக்குள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் விதித்தது. பஸ்ஸுக்கு விலக்கு, நாலு பேர் சேர்ந்து வந்த காருக்கும் விலக்கு. 2003-இல் லண்டனும் அவ்வாறே கட்டணம் விதித்து, பஸ்ஸை விலக்கியது. செலவு போக மிஞ்சும் வசூலைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டுமென்று அங்கே சட்டமும் செய்தார்கள். தனியாகக் காரில் வந்தவர் கொடுத்த பணம், பஸ்ஸுக்குக் காத்திருந்தவருக்கு உதவிற்று.

“பெட்ரோலுக்கு வரி கட்டுகிறேன், சாவடியிலும் கட்டுகிறேன். பஸ் செலவையும் நானே தாங்க வேண்டுமா?” என்று கார் உள்ளவர் கேட்கலாம். அலட்சியம் செய்யத்தக்க கேள்வியல்ல இது. கடன் வாங்கிக் கார் எடுத்து வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவரும், நேரத்துக்குப் பஸ் வராததால் வண்டி வாங்கினவரும் நம்மிலே உண்டு. அவர்களை நான் ஒன்று கேட்பேன். உங்கள் முன்னே சாலை வழிவிட்டுக் கிடப்பது எதனால்? ஐம்பது பேர் ஒரு பஸ்ஸில் அடங்கியிருப்பதால் அல்லவா? அவர்கள் ஆளுக்கொரு கார் எடுத்தால் நாலு வழிச் சாலையும் போதாது. பஸ்ஸில் போகிறவர் உங்களுக்கு இடம் விட்டுக் கொடுக்கிறார். அந்த உபகாரத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. தவிர, கண் மங்கி, ஸ்டியரிங் பிடிக்க முடியாத வயது நமக்கும் வரும். அன்று பஸ் நிறுத்தத்தில் நிற்பவர் நாமாயிருப்போம்.

ஆகையால் எனக்கு நியாயமாய்த் தோன்றுவது இது. சுங்கம் இருக்கட்டும்; தனியாய்ச் செல்லும் கார் தன் பங்கைக் கொடுக்கட்டும். ஊர் ஜனங்களைச் சுமக்கும் பஸ்ஸுக்கு விலக்குக் கொடுத்து, அதனால் வரும் குறைவைப் பொதுப்பணத்திலிருந்து காலாகாலத்தில் ஈடுசெய்ய வேண்டும். அப்போது ஒருவரையும் ஏமாற்றாமல் ஏழையின் பிரயாணம் நடக்கும்.

நம் பங்கிலும் குறை உண்டு. கப்பலூரில் உள்ளூர் வண்டிகளுக்கு விலக்குக் கேட்டுத் திருமங்கலத்தார் பல ஆண்டுகள் போராடினார்கள்; அது அவர்கள் நியாயம். நாம் என்ன செய்கிறோம்? சுங்கம் ஏறினால் டீக்கடையில் உரக்கப் பேசுகிறோம். சாயங்கால பஸ் ஒன்று நின்றுபோனால், நமக்குத்தான் வண்டி இருக்கிறதே என்று வாயை மூடிக்கொள்கிறோம். நமக்கு வலிக்கும் அநீதி மட்டுமே அநீதி என்று எண்ணுவது பெருங்குற்றம்.

இந்த வாரம் மதுரைக்குக் காரில் போகிறவர் காலி இடத்தில் அண்டை வீட்டு நோயாளியை ஏற்றிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போகிறவர் தவறாமல் டிக்கெட் வாங்குங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்திலே, பஸ்ஸே ஏறாத கார்க்காரர் ஒருவர் முதலில் எழுந்து, நின்றுபோன அந்தச் சாயங்கால பஸ்ஸுக்காகப் பேசட்டும்.