யார் சொன்ன புத்தி?

போன வருஷம் எங்கள் காலனிப் பையன்கள் நாலு பேர் பழவேற்காடு ஏரியில் வலை கட்டப் போனார்கள். "இது பாட்டுத் தண்ணி, ஒங்களுக்கு இங்க என்னடா வேலை?" என்று விரட்டிவிட்டார்கள். எங்களுக்கு இது புதுச் சேதி அல்ல. யார், எந்த நாளில், எந்த இடத்தில் சுத்து வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்ளும் முறைக்குத்தான் 'பாடு' என்று பெயர். இறால் நன்றாகப் படும் இடங்கள் அதற்குள் அடங்கிவிடும். சண்டையில்லாமல் பகிர்ந்துகொள்ளும் நல்ல ஏற்பாடு என்று படித்தவர்கள் பலர் இதை மெச்சி எழுதியிருக்கிறார்கள். பகிர்ந்துகொள்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் பரம்பரையாக அது பட்டினவர் சாதி ஆண்களின் உரிமை. சேரியில் பிறந்தவனும், கையால் தடவிப் பறியில் இறால் சேர்க்கும் இருளரும் சீட்டுக்கு வெளியேதான்.

இதற்கு ஒரு மனுக் கொடுப்பது என்று முடிவானது. முன்பெல்லாம் மனு என்றால் மூன்று நாள் சாயங்காலம் விளக்குக் கம்பத்தடியில் உட்காருவோம். கத்துவோம், கோபித்துக்கொண்டு எழுந்து போவோம், மறுபடி வருவோம். இந்தத் தடவை என் அக்கா மகன், காலேஜ் படிக்கிறவன், "எதுக்கு மாமா இவ்ளோ பேச்சு? இதுல கேட்டா அஞ்சு நிமிஷத்துல எழுதித் தந்துடும்" என்று செல்போனைக் காட்டினான். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் செயற்கை அறிவு. சொன்னபடி எழுதியும் தந்தது. நானும் படித்தேன். தமிழ் நன்றாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். முப்பது பேர் படிக்காமலே போட்டார்கள், நான் படித்துவிட்டேன் என்ற நம்பிக்கையில்.

பத்து நாள் கழித்துப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்புக்காரர் எங்கள் மனுவின் நகலைத்தான் கையில் வைத்திருந்தார். "ஒங்க ஆளுங்களே ஒத்துக்கிட்டுத்தான எழுதியிருக்காங்க" என்று வாசித்தார். 'பாரம்பரிய மீனவர்களின் உரிமைக்குப் பாதிப்பு வராத வகையில், மீதமுள்ள இடங்களில் எங்களுக்கும் அனுமதி வழங்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்.' எனக்கு வாயடைத்துப் போயிற்று. பக்கத்தில் இருந்த ஆயா ஒருத்தி கேட்டாள்: "மீதி இருந்தா குடுங்கன்னு எப்படா கேட்டோம் நாம? எவன்டா கேட்டது?"

எவன் கேட்டது? இந்தக் கேள்வியைத்தான் அன்றிலிருந்து சுமந்துகொண்டிருக்கிறேன்.

அந்த எந்திரத்துக்கு எங்கள் மேல் பகை கிடையாது. எழுதிக் குவித்ததைப் படித்து, அதிலிருந்து எது எதற்குப் பின்னால் வரும் என்று கணித்துச் சொல்கிறது. அவ்வளவுதான். ஏரியைப் பற்றி எழுதியது யார்? 'பாரம்பரியம்' என்ற சொல் யாருக்குப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது? எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ என்ற இதழ் 2025 அக்டோபரில் ஒரு சோதனையை வெளியிட்டது. வாக்கியத்தில் ஒரு சொல்லை விட்டுவிட்டு, அங்கே பிராமணனைப் போடுவாயா தலித்தைப் போடுவாயா என்று ஜிபிடி-5 மாதிரியிடம் கேட்டார்கள். 105 வாக்கியங்களில் 80இல் சாதி சொல்லிக்கொடுத்த விடையையே அது தேர்ந்தெடுத்தது. விண்ணப்பக் கடிதத்தைத் திருத்தித் தரக் கேட்ட தலித் ஆய்வாளர் ஒருவருக்கு, அவர் குடும்பப் பெயரையே மாற்றி 'சர்மா' என்று போட்டுக் கொடுத்ததையும் அதே கட்டுரை சொல்கிறது. அறிவாளி என்றால் சர்மாவாகத்தான் இருக்கவேண்டும்!

இதனால் அதைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சாதி கேட்காமல், வாசலில் நிற்கவைக்காமல் பதில் சொல்லும் ஒன்று எங்களுக்கு இதற்கு முன் வாய்த்ததில்லை. ஆபீசில் கேட்டால் எரிந்து விழுவார்களே என்று பயந்த பெண்பிள்ளைகள் அதனிடம் கூச்சமில்லாமல் கேட்கிறார்கள். அந்த மரியாதை எங்களை மயக்கிற்று. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் புத்தி சொல்வது என்பது விவரம் சொல்வது மட்டும்தானா? எங்கள் ஊரில் புத்தி சொன்னவர், அது தப்பாகப் போனால் நாளைக்கும் அதே தெருவில்தான் நடக்கவேண்டும். "நீதான சொன்ன" என்று சட்டையைப் பிடிக்கலாம். எந்திரத்துக்குச் சட்டையும் இல்லை, தெருவும் இல்லை. அடி விழுந்தால் எங்கள் முதுகில்தான் விழும். இன்னொன்று, அந்த மூன்று நாள் சாயங்காலம். வெட்டிப் பேச்சு என்று நினைத்தோமே, அங்கேதான் ஆயா பேசுவாள். அங்கேதான் ஒருத்தன் பயம் இன்னொருத்தனுக்குத் தெரியும், கோரிக்கை எல்லாருடையதும் ஆகும். நேரத்தை மிச்சம் பிடிக்கப்போய் அதை இழந்தோம்.

பொதுக் குளங்களில் தீண்டப்படாதவர்களும் தண்ணீர் எடுக்கலாம் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இலேயே தீர்மானம் போட்டது. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரோடு ஆயிரக்கணக்கானவர்கள் நடந்துபோய் மகாடு குளத்தில் கை நனைத்தபோதுதான் அந்தக் காகிதத்துக்கு உயிர் வந்தது. கூடிப் பேசாமல் அப்படிக் கூடி நடக்க முடியுமா?

மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். மறுபடி விளக்குக் கம்பத்தடியில் உட்கார்ந்தோம். அக்கா மகன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். தப்பு அவனுடையது மட்டுமல்ல, படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவன் நான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். தண்ணீர் மீது நமக்குள்ள உரிமையை அனுபவிக்கவிடாமல் தடுப்பது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று வக்கீல் தோழர் ஒருவர் எடுத்துக் காட்டினார். முதல் மனுவில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாங்கள் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை.

இரண்டாவது மனுவை அவனே கையால் எழுதினான். ஆயா சொல்லச் சொல்ல எழுதினான். 'தாழ்மையுடன்' என்ற சொல் வந்த இடத்தில் அவள் நிறுத்தி, "அத அடிடா" என்றாள். அடித்தான். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் இந்தத் தடவை எவன் கேட்டது என்று யாராவது கேட்டால், நாங்கள்தான் கேட்டோம் என்று சொல்ல முப்பது பேர் இருக்கிறோம்.