ஈயச் சிப்பாய்களும் ஒரு தாயின் கேள்வியும்

விளையாட்டுக்கும் அறத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். மனிதன் உழைக்கும் நேரத்தைப் பற்றியே இவ்வளவு காலமும் பேசி வந்த நாம், அவன் ஓய்ந்திருக்கும் நேரத்தைப் பற்றி அதிகம் சிந்தித்ததில்லை. ஆனால், ஒரு சமுதாயம் தன் ஓய்வு வேளையில் எதைக் கனவு காண்கிறது என்பதும் அச்சமுதாயத்தை அறிவதற்கு ஒரு வழியே. இவ்வெண்ணத்தை என்னுள் கிளறிவிட்டது, தெல்தோட்டையில் ஒரு தோட்ட லயத்தின் இஸ்தோப்பிலே நான் கண்ட காட்சி.

என்னிடம் படித்த மாணவன் ஒருவன் இன்று இலண்டனில் வேலை பார்க்கிறான். கொழுந்து பறித்தே அவனைப் படிக்க வைத்தவள் அவன் தாய். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தவனைப் பார்க்கச் சென்றேன். ஒரு பழைய பலகையின் மேல் கட்டை விரலளவுகூட இல்லாத உலோகப் பொம்மைகளை வரிசையாக நிறுத்தி, மெல்லிய தூரிகையால் அவற்றுக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தான். வாளேந்திய வீரர், குள்ளர், மந்திரவாதிகள், பச்சைத் தோலும் கோரைப் பல்லும் கொண்ட அரக்கர்! இவை 1980களில் இங்கிலாந்தில் வார்க்கப்பட்டவை என்றும், மேசையின் மேல் யுத்தம் நடத்தி விளையாடுவதற்கானவை என்றும், பழையன என்பதாலேயே இவற்றைத் தேடிச் சேர்ப்பவர்கள் பலர் உண்டு என்றும் விளக்கினான்.

தேநீர் கொண்டுவந்த அவன் தாய் சிறிது நேரம் குனிந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்: “இவங்கள்லாம் யாரோட சண்டை போடுறாங்க தம்பி? எதுக்காக?”

முதற் கேள்விக்கு விடை சொன்ன அவனால் இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல இயலவில்லை. “அது சும்மா கதை, அம்மா” என்றான். 1977 ஆகஸ்டுக் கலவரத்தின்போது கைக்குழந்தையாய் இருந்த மூத்தவளை மார்போடு அணைத்து, தேயிலைச் செடிகளுக்குள் இரண்டு இரவுகள் பதுங்கிக் கிடந்தவள் அவள். “சும்மா” என்ற சொல் அவளுக்குப் போதுமானதாக இல்லை. எனக்கும் போதவில்லை.

யுத்தத்தைச் சிறிதாக்கி மேசையின் மேல் வைக்கும் பழக்கம் குழந்தைகளிடமிருந்து பிறந்ததன்று. பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் தந்தை 1812இல் அரசனுக்குக் காட்டிய யுத்த விளையாட்டை, அவருடைய மகன் 1824இல் விதிகள் வகுத்து வெளியிட்டார். வரைபடத்தின் மேல் சிவப்பும் நீலமுமான கட்டைகள் நகர்ந்தன. தாயக்கட்டை சேதத்தைத் தீர்மானித்தது. மத்தியஸ்தர் ஒருவர் தீர்ப்புக் கூறினார். இராணுவம் அதனைப் பயிற்சியாகவே ஏற்றுக்கொண்டது. 1870-71 யுத்தத்தில் பிரஷ்யா பிரான்ஸை வென்ற பின்னர் ஏனைய படைகளும் அதைப் பின்பற்றின. ஆயிரம் மனிதர் ஒரு கட்டையாகச் சுருங்கினர். கட்டைக்குத் தாய் கிடையாது. ஆகவே அதைப் பலியிடுவதும் எளிது.

பின்னர் இவ்விளையாட்டு பிள்ளைகளின் அறைக்கு வந்தது. 1893இல் இலண்டனில் பிரிட்டன் என்னும் குடும்பத்தாரின் தொழிற்சாலை, உட்குழிவான ஈயச் சிப்பாய்களை வார்க்கும் முறையைக் கண்டது. ஈயம் குறைந்தது; விலையும் குறைந்தது. சாம்ராஜ்யத்தின் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றும் பெட்டிகளில் அடைக்கப்பட்டு விற்பனைக்கு வந்தன. அச்சிப்பாய்களின் சிவப்புச் சட்டைக்கும் கறுப்புத் தொப்பிக்கும் வர்ணம் பூசியவர்கள் பெரும்பாலும் கூலிக்கு உழைத்த பெண்கள்.

இவ்விடத்திலே எச். ஜி. வெல்ஸ் என்னும் எழுத்தாளரை நாம் நினைக்க வேண்டும். சமதர்மத்தில் நம்பிக்கை கொண்டிருந்த அவர் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலை எழுதினார். பொம்மைச் சிப்பாய்களையும், மரக்குச்சியை எறியும் வில்லிசைப் பீரங்கிகளையும் கொண்டு தரையில் யுத்தம் நடத்துவதற்கான விதிகள் அடங்கிய நூல் அது. உண்மை யுத்தத்தைக் காட்டிலும் இச்சிறு யுத்தம் எவ்வளவோ மேலானது என்பது அவருடைய வாதம். வெறிகொண்ட தளபதிகளை ஓர் அறையில் அடைத்துப் பொம்மைகளைக் கொடுத்துவிட்டால் உலகம் பிழைக்கும் என்ற தோரணையில் அவர் சிந்தித்தார். அடுத்த ஆண்டே, 1914இல், மகா யுத்தம் வெடித்தது. பொம்மை யுத்தம் உண்மை யுத்தத்தைத் தடுக்கவில்லை. எனினும் அதை மூட்டியதும் பொம்மைகளல்ல; சந்தைகளுக்கும் காலனிகளுக்குமான போட்டியே அதன் வித்து. ஆதலால் விளையாட்டின் மீது பழி சுமத்திவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. விளையாட்டே மனிதனைத் திருத்திவிடும் என்று நம்பவும் முடியாது.

மாயாலோகப் பொம்மைகளின் காலம் இதற்குப் பின்னர் வந்தது. 1974இல் அமெரிக்காவில் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டு வெளிவந்தது. 1979இல் இங்கிலாந்தில் சிட்டடெல் என்னும் பொம்மை நிறுவனம் தோன்றியது. 1983இல் ‘வார்ஹாமர்’ என்ற யுத்த விளையாட்டு அச்சேறியது. அங்கே பச்சை அரக்கரைக் கொல்லும் விதிகள் அச்சிடப்பட்ட அதே 1983இன் ஜூலை மாதத்தில், இங்கே மனிதர் மனிதரை அவர்களது பெயரையும் மொழியையும் விசாரித்து எரித்தனர். இரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை. அதற்கு முன்னர் வேறு இரு ஆட்சேபங்களைத் தீர்த்துக்கொள்வோம்.

முதலாவது, இது வீண் வேலை என்னும் ஆட்சேபம். நம்மவரில் சிலர், தொழிலாளி வீட்டுப் பிள்ளை தூரிகை பிடித்தாலே முகம் சுளிக்கின்றனர். இஃது உழைப்பாளிக்கு உழைப்பை மட்டுமே விதிக்கும் துரைமாரின் மனோபாவம், முற்போக்காகாது. அம்மாணவனின் கையை நான் கவனித்தேன். முதலில் பொம்மை முழுவதற்கும் ஒரு அடிப்பூச்சு. பிறகு நிறங்கள். அதன்மேல் நீர்த்த கருவர்ணம் மடிப்புகளுக்குள் இறங்கி நிழலாகிறது. ஏறக்குறைய உலர்ந்துவிட்ட தூரிகையால் மேடுகளை மட்டும் தடவ, வெளிச்சம் பிறக்கிறது. ஒரு முகத்துக்கு அரை மணி நேரம்! மேற்பார்வையாளர் கிடையாது, நிறுவைத் தராசு கிடையாது, கூலியும் கிடையாது. அழகின் நியதிப்படி படைக்கும் ஆற்றலே மனிதனை விலங்கினின்றும் வேறுபடுத்துகிறது என்று இளம் மார்க்ஸ் 1844இல் சிந்தித்தார். பிரிட்டன் தொழிற்சாலைப் பெண்ணும் இதே தூரிகையைத்தான் பிடித்தாள். அவள் செய்தது அவளுக்கு அந்நியமான உழைப்பு. இவன் செய்வது தன்னுடைய சிருஷ்டி. நேரம் யாருடையது என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. அந்த நேரம் ஒரு சிலருக்கு மட்டுமன்றி எல்லோருக்கும் வேண்டும் என்பதே நமது கோரிக்கையாக இருத்தல் வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் சேகரிப்பைப் பற்றியது. இதில் நியாயம் அதிகம். பழைய பொம்மை அருமையாகிவிட்டால் அதன் விலை பன்மடங்காகிறது. பெட்டியைத் திறவாமல் வைத்திருப்பவனுக்கே இலாபம். விளையாடப் பிறந்த பொருள், விளையாடாமல் இருப்பதனாலேயே மதிப்புப் பெறுகிறது! சரக்கின் மாயைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமா? இயற்கையோ தன் போக்கில் தீர்ப்பளிக்கிறது. ஓக்கு மரப் பேழைக்குள் காற்றோட்டமின்றி ஈயப் பொம்மைகளைப் பூட்டி வைத்தால், அம்மரம் கசியும் அமில ஆவி பட்டு ஈயம் வெண்பொடியாக உதிர்ந்துபோகும். நம் தமிழகத்துக் கிராமங்களில் புரவி எடுப்பின்போது வேளார் செய்து தரும் அய்யனாரின் மண் குதிரைகளோ வெட்டவெளியில் நிற்கின்றன. மழையில் கரைகின்றன, மீண்டும் புதிதாகச் செய்யப்படுகின்றன. அவை எவருடைய முதலீடும் அல்ல, ஊரின் உடைமை.

கற்பனையே பொய், ஆகவே தீங்கு என்று கூறுவோரும் உளர். மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் ரோதமுனி என்றொரு தெய்வம் உண்டு. சுழலும் பெருஞ் சக்கரத்தைக் கண்டு அஞ்சிய தொழிலாளி, அந்த அச்சத்துக்கு உருவம் கொடுத்து அதனையே தன் காவலுக்கு நிறுத்தினான். அந்தக் கற்பனைக்கு வேர் இருக்கிறது, காரணம் இருக்கிறது. கற்பனை குற்றமன்று. காரணத்தை மறைக்கும் கற்பனையே குற்றம்.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். மேசை யுத்தத்தின் அறச்சிக்கல் அதில் இரத்தம் இருப்பதல்ல. அதில் ‘ஏன்’ இல்லாதிருப்பதே. பச்சை அரக்கன் ஏன் பகைவன்? அரக்கனாகப் பிறந்தான், அதனால்! அவனுக்கு நிலம் பறிபோனதில்லை, பசி இல்லை, வரலாறு இல்லை. பிறப்பினாலேயே ஒரு கூட்டம் பகையாகிறது என்ற இந்தக் கதையை நாம் மேசைக்கு வெளியிலும் கேட்டிருக்கிறோம். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது கேட்டோம். 1977இலும் 1983இலும் கேட்டோம். 2018 மார்ச்சில், இதே கண்டி மாவட்டத்தில், திகனையில் முஸ்லிம் மக்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோதும் கேட்டோம்.

இன்னொன்றும் உண்டு. சிறிதாக்கிப் பார்க்கும் கண் எப்போதும் மேலிருந்தே பார்க்கிறது. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துரை தெல்தோட்டைக்கு அண்மையிலேயே உள்ளது. மேட்டிலிருக்கும் துரை பங்களாவிலிருந்து நோக்கினால் மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்கள் பொம்மைகளாகவே தெரிவர். கண்டி நகரத்து உல்லாசப் பயணிகளுக்கான கடைகளில் அவர்கள் மெய்யாகவே பொம்மைகளாக விற்கப்படுகின்றனர்: கூடை முதுகில், சிரிப்பு முகத்தில். நாட்சம்பளம் 1000 ரூபா வேண்டும் என்ற கோரிக்கை 2015ஐ ஒட்டி எழுந்து, 2021இல்தான் நிறைவேறியது என்பதை அந்தச் சிரிப்பு சொல்வதில்லை. எதற்கென்று கேளாத அரக்கனைப் போலவே, எதற்கென்று அறியாத சிரிப்பும் ஒரு பொய்.

அப்படியாயின் பொம்மைகளைத் தூக்கி எறிந்துவிடுவதா? அம்மாணவன் ஊர் திரும்புவதற்கு முந்திய நாள் மீண்டும் சென்றேன். லயத்துப் பிள்ளைகள் மேசையைச் சூழ்ந்து நின்றனர். பழைய பொம்மைகளில் ஈயம் உண்டு என்பதால், விளையாடி முடித்துக் கைகழுவ வேண்டும் என்று அவர்களை அவன் எச்சரித்திருந்தான். வீரர்களின் பக்கத்துக்குப் போட்டி. அரக்கர் பக்கத்துக்கு ஆளில்லை. ஒரு சிறுமி மட்டும், “நான் பச்சை ஆளுங்க பக்கம்” என்றாள்.

“அவங்க கெட்டவங்கடி” என்றான் ஒருவன்.

“இல்லை. இவங்க வந்து அவங்க காட்டை வெட்டிப்புட்டாங்க. அதான் சண்டைக்கு வந்திருக்காங்க” என்றாள் அவள்.

அவள் குடியிருக்கும் மலை முழுவதுமே ஒரு காலத்தில் காடாயிருந்தது. கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் அதை வெட்டியது துரைகளின் ஆணை. வெட்டிய கைகள் அவளுடைய முன்னோருடையவை. இதையெல்லாம் அவள் பாடமாகப் படித்திருக்கமாட்டாள். ஆனாலும் பகைவனுக்கும் ஒரு காரணம் இருக்கக்கூடும் என்பதை விளையாட்டினூடே கண்டுகொண்டாள். நண்பர்களே, ஆசிரியர்களாகிய நாம் வகுப்பறையில் எத்தனை தடவை இந்த ஒரு சிந்தனையைப் பிள்ளைகளிடம் விதைத்திருக்கிறோம்?

ஆகவே எனது முடிவு இதுதான். விளையாட்டைத் தடை செய்வது நம் வேலையன்று. வர்ணம் தீட்டட்டும்; படை வகுக்கட்டும். ஆனால், ஒவ்வொரு படைக்கும் முன்னால் அந்தத் தாயின் கேள்வி வைக்கப்படட்டும்: எதற்காக? அதற்கு விடை தேடும் பிள்ளை, நாளை எவரேனும் வந்து அயல்வீட்டுக்காரனை அரக்கன் என்று காட்டும்போதும் அதே கேள்வியைக் கேட்கும்.

அன்று மேசையின் மேல் யுத்தம் நடைபெறவேயில்லை. காட்டில் எவ்வளவு பகுதியைத் திருப்பிக் கொடுப்பது என்பது பற்றிப் பிள்ளைகள் இருட்டும் வரை வாதாடிக்கொண்டிருந்தனர்.