ஏறியவரும் நின்றவரும்

இம்மலருக்கு ஒரு கட்டுரை எழுதுமாறு அன்பர்கள் நியமித்தபோது, நெடுநாளாக நெஞ்சில் தைத்துக் கிடக்கும் ஒரு கேள்வியையே எடுத்துக்கொண்டேன். பலர் கூடி ஒரு மலையை ஏறுகின்றனர். நடுவழியில் ஒருவரால் இயலவில்லை. அவருக்குத் துணையாக இன்னொருவர் நின்றுவிடுகிறார். உச்சியில் கிடைத்த தரிசன பலனில் அப்படி நின்றவருக்குப் பங்கு உண்டா, இல்லையா?

நம் நாஞ்சில் நாட்டில் மருந்துவாழ் மலையை அறியாதவர் இலர். சுசீந்திரத்திலிருந்து கன்னியாகுமரி செல்லும் வழியில், பொற்றையடிக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியாக அது எழுந்து நிற்கிறது. இலங்கைப் போர்க்களத்தில் வீழ்ந்தவரை எழுப்புவதற்காக அனுமன் மூலிகை மலையைப் பெயர்த்துச் சென்றபோது, அதிலிருந்து உதிர்ந்த ஒரு துண்டே இம்மலை என்பது வழிவழியாக வரும் ஐதிகம். ஸ்ரீ நாராயண குரு தவம் இயற்றிய பிள்ளைத்தடம் குகையும் இங்கேயே உள்ளது. அடிவாரத்தில் படிகள் உண்டு. மேலே செல்லச் செல்லப் பாறைகளின்மேல் கையூன்றி ஏற வேண்டும். முகட்டை அடைந்தால் காற்று ஆளைத் தள்ளும். ஒருபுறம் கடல், மறுபுறம் வயலும் குளமும் தென்னந்தோப்பும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில் நாங்கள் 22 பேர் விடியற்காலையில் அம்மலையை ஏறப் புறப்பட்டோம். உச்சியில் அனுமனுக்குத் துளசி மாலை சாத்தி, ஆரத்தி எடுத்து, மாலைக்குள் இறங்கிவிடுவது சங்கற்பம். எங்களில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். வயது எழுபதைக் கடந்தவர். இளமையில் அம்மலையைப் பலமுறை ஏறியவர். அடியேனிடம் ஸ்தோத்திர பாடம் கேட்கும் பதினாறு வயதுப் பையன் ஒருவனும் வந்திருந்தான். அவனுக்கு அதுவே முதல் ஏற்றம். முந்தைய இரவு கண்விழித்து மாலையைத் தொடுத்தவனும் அவனே.

தீர்த்தச் செம்பைக் கையில் ஏந்தி அடியேன் முன்னே சென்றேன். வெயில் ஏறுமுன் சேர்ந்துவிட வேண்டும் என்ற எண்ணம் ஒன்றே இருந்தது. ஆரத்தி முடிந்து பிரசாதம் கொடுக்கும்போதுதான் தலைகளை எண்ணினேன். இருவர் குறைந்தனர். மாலை மட்டும் வேறொருவர் கையில் வந்து சேர்ந்திருந்தது. பதறி இறங்கினோம். பாதி வழியில், நிழலற்ற ஒரு பாறையோரம் ஆசிரியர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார். பையன் தன் மேல்துண்டை இரு கைகளாலும் விரித்து, அவர்மேல் வெயில் படாமல் நின்றுகொண்டிருந்தான்.

“என்னாலே இவனுக்கும் தரிசனம் போச்சே” என்றார் ஆசிரியர். பையன் மெல்ல, “சாமி, மேலே வராத எனக்கு இன்றைய பலன் உண்டா?” என்று கேட்டான். “அதற்கென்ன, அடுத்த முறை ஏறிக்கொள்ளலாம்” என்று அடியேன் சொல்லிவிட்டேன். ஆறுதல்போல் ஒலித்த அச்சொல்லின் உட்பொருள், ‘இன்று உனக்கு ஒன்றும் இல்லை’ என்பதுதானே? அதை அவரும் கேட்டுக்கொண்டிருந்தார். சில மாதங்களில் அவர் பரமபதம் அடைந்தார். ஒரு பையனின் தரிசனத்தைத் தாம் கெடுத்துவிட்டதாகவே அவர் எண்ணிச் சென்றிருப்பாரோ என்பதுதான் அடியேனை வாட்டுவது.

அன்று சொல்லத் தவறிய விடையை ஸ்ரீமத் வால்மீகி ராமாயணத்தின் கிஷ்கிந்தா காண்டத்தில் காண்கிறோம். சீதாப் பிராட்டியைத் தேடித் தென்திசை வந்த வானரக் கூட்டம் மலைகளையும் காடுகளையும் கடந்தது. இருண்ட பிலத்தினுள் ஒருவரையொருவர் தழுவிப் பற்றிக்கொண்டே நடந்தது. முடிவில் கடல் குறுக்கிட்டது. யார் எவ்வளவு தாண்டுவர் என்ற பேச்சு எழுந்தது. ஒருவன் 10 யோசனை என்றான். மற்றொருவன் 20 என்றான். இப்படியே ஏறிய கணக்கில், 90 யோசனை என்றார் ஜாம்பவான். திரிவிக்கிரமனாய் எம்பெருமான் உலகளந்தபோது அவனை வலம் வந்த கால்கள் அவருடையவை. மூப்பினால் இன்று 10 யோசனை குறைந்துவிட்டது! எனினும், தன் வலிமையை மறந்து ஒதுங்கியிருந்த அனுமனை எழுப்பியவர், தாண்ட இயலாத அந்த முதியவரே அன்றோ? அனுமன் புறப்படும்போது, நீ திரும்பி வரும்வரை நாங்கள் ஒற்றைக் காலில் நின்றிருப்போம், எங்கள் உயிர்கள் எல்லாம் உன்னோடு செல்கின்றன என்று கூறியவரும் அவரே. ஆகவே கரையில் நின்றவர் வாளா இருந்தவர் அல்லர், அவர்களுடையதும் தவமே.

இன்னும் ஒன்று. பிராட்டி இருக்கும் இடத்தை வானரர்க்கு அறிவித்தவர் யார்? பறக்க இயலாமல் மலைமேல் கிடந்த கழுகரசர் சம்பாதி. இளமையில் அவரும் தம்பி ஜடாயுவும் சூரியனை நோக்கி உயரப் பறந்தனர். தம்பி வெம்மையால் சோர்ந்தபோது, சம்பாதி மேலே செல்லவில்லை. தம் சிறகுகளை விரித்து அவனை மறைத்தார். சிறகுகள் கரிந்து மலையில் வீழ்ந்தார். அன்று அவர் இழந்தது உயரம். ஆயினும் பின்னாளில் ராம காரியத்திற்கு வழிகாட்டும் பேறு, பறந்துகொண்டிருந்த எவருக்கும் கிட்டாமல் அவருக்கே கிட்டியது. அதனைச் செய்தபோது சிறகுகளும் மீண்டும் முளைத்தன.

‘மகாப்பிரஸ்தானத்தில் திரௌபதியும் தம்பியரும் ஒவ்வொருவராக வீழ்ந்தபோது தருமபுத்திரர் திரும்பிப் பார்க்காமல் நடந்தாரே’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அது மீண்டு வரும் எண்ணமின்றி, எல்லாவற்றையும் துறந்தவர்கள் நடந்த நடை. நம்முடையதோ மாலையில் வீடு திரும்பும் யாத்திரை. மேலும், அவ்வாறு நடந்த அவரும், தம்மை நம்பிக் கூடவே வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புகேன் என்று நின்றுவிட்டார். கடைசியில் அவர் பெற்ற பெருமை அந்த நிற்றலால் வந்ததே.

அப்படியாயின் எல்லோரும் நின்றுவிடுவதுதான் தருமமோ? அன்று. அனுமனும் கரையிலேயே நின்றிருந்தால் கணையாழி பிராட்டியைச் சேர்ந்திராது. மேலே செல்பவர் செல்லத்தான் வேண்டும். அன்று அடியேன் மேலே சென்றது குற்றம் அன்று. யார் பின்தங்கினார், அவரோடு யார் நின்றார் என்று பாராமல் சென்றதே குற்றம். அனுமன் யாரை விட்டுச் செல்கிறோம் என்று அறிந்து தாண்டினான். அவர்களிடமே முதலில் திரும்பி வந்தான். அடியேனோ உச்சியை அடைந்த பின்புதான் தலைகளை எண்ணினேன்.

நம் பெரியோர், பகவத் கைங்கர்யத்தைக் காட்டிலும் பாகவத கைங்கர்யத்தை உயர்த்திப் பேசுவர். செயலின் பலனை எம்பெருமானுக்கே உரியதாக விட்டுவிட வேண்டும் என்றும் உபதேசிப்பர். அவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கேள்வி தானே அவிழ்கிறது. அந்தப் பையன் தொடுத்த மாலையை உச்சியில் ஏற்றுக்கொண்ட பெருமான், பாதி வழியில் அவன் விரித்த துண்டையும் தனக்கே பிடித்த குடையாக ஏற்றிருப்பான். ஆசிரியர் யாருடைய தரிசனத்தையும் கெடுக்கவில்லை. ஒரு பையனுக்கு மலையிலேயே ஒரு கைங்கர்யத்தை வாங்கிக் கொடுத்தார்.

அதன் பின்னர் அடியேன் கூட்டத்தோடு மலை ஏறும்போதெல்லாம் தீர்த்தச் செம்பை ஓர் இளைஞரிடம் கொடுத்துவிட்டுக் கடைசி ஆளாக நடக்கிறேன். திருவிழாவுக்கு வந்திருக்கும் அன்பர்கள் மலை ஏறினாலும், கோயில் வரிசையில் நின்றாலும், தேர்வடம் பிடித்தாலும், புறப்படும் முன்பே உடன் வந்தவரை எண்ணிக்கொள்ளுங்கள். முதியவர் கால் எவ்வளவு செல்லுமோ அதுவே கூட்டத்தின் நடையாக இருக்கட்டும். எவரேனும் நின்றுவிட்டால், பிரசாதத்தில் முதல் பங்கை அவருக்கும் அவருக்குத் துணை நின்றவருக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள். அது தயவால் தரும் பங்கு அன்று. அவர்களுக்கு உரிய பங்கு.