வழிப்போக்கனின் கடன்

ஊரில் இருப்போன் வழியில் வருவோனுக்கு ஆற்றவேண்டிய கடன் யாது என்பதை அறநூல்கள் பல எடுத்துரைத்துள்ளன. திருக்குறள் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியுள்ளது. ஸகாத் பெறுவதற்கு உரியோரென இஸ்லாம் வகுத்த எட்டுப் பிரிவினருள் வழிப்போக்கரும் இடம்பெறுகின்றனர். எனினும், வழியில் வருவோன் தான் தங்கும் ஊருக்கு ஆற்றவேண்டிய கடன் யாது என்னும் வினா அத்துணை அழுத்தமாக எழுப்பப்படுவதில்லை. விருந்தினன் நன்றியுடையவனாய் இருந்தால் போதும் என்று நாம் அமைதியடைந்து விடுகிறோம். அது போதுமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்வினாவுக்கு மன்னார்த் தீவு தக்கதொரு களமாகும். துவிச்சக்கரவண்டியின் பின்னே ஒரு கூடாரத்தையும் சமையற் பாத்திரம் ஒன்றையும் கட்டிக்கொண்டு, இரண்டு இரவுகளைக் கடற்கரையிற் கழிக்கப் புறப்படும் மாணவர் சிலரை எண்ணிப் பார்ப்போம். பாலத்தைக் கடந்து தீவினுள் நுழைந்தால், தலைமன்னார் வரை ஏறத்தாழ 30 கிலோமீற்றர். மேடு பள்ளம் அற்ற பாதை. மலைநாட்டில் வண்டியோட்டிப் பழகியவர்க்கு இது எளிதாகத் தோன்றும். ஆனால் மலை செய்யும் வேலையை இங்கே காற்றுச் செய்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் காற்று, போகும்போது இடப்புறத்தும் திரும்பும்போது வலப்புறத்தும் மோதி, வண்டியை ஓரத்துக்குத் தள்ளும். இத்தகைய தட்டை நிலத்திற் சிறிய உயர்வும் பெயர்பெற்று விடுகிறது. பெருவழியினின்று வடக்கே பிரிந்து சென்றால், பாக்குநீரிணைக் கரையில் எருக்கலம்பிட்டி. பிட்டி என்பது மேட்டு நிலம். அம்மேட்டின் மதிப்பை அறிந்து குடியிருந்தோர் இட்ட பெயர் அது.

இவ்வாறு செல்வோர் அடையும் மகிழ்ச்சி பொய்யானதன்று. வண்டி சுமக்கக்கூடிய அளவே உடைமை என்றாகும்போது, மனம் தன் சுமைகளையும் இறக்கி வைக்கிறது. ஒரு குவளை நீரும் ஒரு பனையின் நிழலும் நிறைவு தருகின்றன. குறைவாக உடையவனே விடுதலை பெற்றவன் என்று துறவியரும் மெய்யியலாளரும் கூறிவந்ததன் உண்மையைத் தாமே கண்டுகொண்டதாக இளைஞர் எண்ணுவதும் இயல்பே.

ஆனால் இதே கரையில் வேறொரு பயணமும் நிகழ்ந்தது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறுமாறு தமிழீழ விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். சில நாள்களுக்குள் 70,000 பேருக்கு மேற்பட்டோர் தம் ஊர்களை இழந்தனர். எருக்கலம்பிட்டி மக்களும் அவர்களுள் அடங்குவர். உடுதுணிகளும் சிறு தொகைப் பணமும் தவிரப் பிறவற்றை விட்டுச்செல்ல நேர்ந்தது. தீவின் மக்கள் பலர் தோணிகளில் ஏறித் தெற்கே கற்பிட்டிக் கரையை அடைந்தனர். புத்தளத்தின் ஓலைக் குடிசைகளிற் பிறந்த பிள்ளைகள், தாம் காணாத ஊரையே தம் ஊராகச் சொல்லக் கற்றுக்கொண்டனர்.

கையிற் கொள்ளும் அளவே உடைமை என்ற நிலை இவர்களுக்கும் வாய்த்தது. அதனை எவரும் விடுதலை என்று அழைத்திலர். அங்ஙனமாயின், சுமை குறைவதில் விடுதலை இல்லை என்பது பெறப்படும். கூடாரத்தில் உறங்குவோனுக்கு விடுதலை தருவது, வெளியே கிடக்கும் அவனது வண்டியன்று. தொலைவில் அவனுக்காகக் காத்திருக்கும் வீட்டின் கதவு. திரும்பிச் செல்லலாம் என்ற உறுதியே எளிமையை இன்பமாக்குகிறது. அவ்வுறுதி பறிக்கப்பட்டவிடத்து அதே எளிமை வறுமை எனப் பெயர்பெறும். ஆகவே எளிமையைப் புகழ்வோர், அது தாமே தேர்ந்த எளிமையா, பிறர் சுமத்திய எளிமையா என்பதை முதலில் வினவுதல் வேண்டும்.

அடுத்து, கூடாரம் அடிக்கும் இடம் பற்றிய வினா எழுகிறது. மாலை மங்கும் வேளையில், பனைகளிடையே எருக்கு மண்டிய ஒரு வெற்றுநிலத்தைக் கண்டதும், இது யாருக்கும் உரியதன்று என்று பயணியின் மனம் சொல்லும். இந்தச் சிறு எண்ணமே பெரிய தீமைகளின் விதை. 2009இற் போர் முடிந்தபின் ஊர் திரும்பியோர் பலர், இரு பதின்மங்களாகப் பற்றை வளர்ந்து எல்லை மறைந்த காணிகளையே கண்டனர். இல்லாதிருத்தல் வேறு, கைவிடுதல் வேறு. துரத்தப்பட்டவனின் வெற்றுநிலம், அவன் விட்டுக்கொடுத்த நிலமாகி விடாது. 1795இல் வெளிவந்த நிலையான சமாதானம் பற்றிய நூலில் இம்மானுவேல் காண்ட், புவி அனைவர்க்கும் பொதுவாதலால் எவரும் எங்கும் சென்று காணும் உரிமை உடையர் என்றார். ஆயினும் காணும் உரிமை குடியேறும் உரிமையாகாது என எல்லையும் வகுத்தார். சென்ற நாடுகளின் குடிகளை இல்லாதவராகவே கருதிய ஐரோப்பியரை அவர் கண்டித்ததும் இதுபற்றியே.

ஓர் இரவு மணலில் உறங்குவோனை இவ்வாறெல்லாம் விசாரணை செய்வது மிகையன்றோ எனச் சிலர் கேட்கலாம். அவன் எவரையும் துரத்தவில்லை, விடிந்தால் போய்விடுவான், 1990இல் அவன் பிறக்கவும் இல்லை. இக்கூற்று ஏற்கத்தக்கதே. செய்யாத குற்றத்துக்கு அவன் பொறுப்பாளி அல்லன். ஆனால் குற்றம் வேறு, கடன் வேறு. எவர் மொழியின் உரிமைக்காகப் போராடுவதாகக் கூறப்பட்டதோ, அம்மொழியையே வீட்டிற் பேசிய மக்கள் அதன் பெயராலேயே வெளியேற்றப்பட்டனர். தமிழில் வாழ்வோர் எவரும் இவ்வரலாற்றுக்கு முற்றிலும் அயலார் ஆகமாட்டார். அக்கரையின் அழகை மட்டும் பெற்றுக்கொண்டு அதன் நினைவைப் பெற மறுப்போன், விருந்தில் உண்டு, உணவிட்டவர் பெயரைக் கேளாது எழுந்து செல்வோனை ஒப்பான்.

அவ்வாறாயின் அக்கடன் யாது? அது மிகச் சிறியது: கேட்டல். கரையோர மணலில் முளை அறைவதற்கு முன், அருகிலுள்ள வீட்டுக்குச் சென்று, இது யாருடைய காணி, இங்கே ஓர் இரவு தங்கலாமா என்று வினவுதல். மறுக்கப்படின் மனத்தாங்கலின்றி வேறிடம் நாடுதல். இவ்வினா வெறும் மரியாதையன்று. உமக்கு இங்கே உரிமை உண்டு, தங்கச் சொல்லவும் தங்காதே என்று சொல்லவும் வல்லவர் நீரே என்னும் ஒப்புதல் அதனுள் அடங்கியுள்ளது. ஒரு காலத்தில் எவரும் அம்மக்களைக் கேளாமலே அவர்களது மண்ணைப் பற்றித் தீர்மானித்தனர். கேட்டல் அதற்கு ஈடாகாது. ஆனால் அச்செயலின் எதிர்த்திசையில் வைக்கப்படும் அடி அதுவே.

விடிந்தபின் கூடாரம் சுருட்டப்படும். முளை இருந்த குழியை மணல் மூடிவிடும். வழிப்போக்கன் காற்றை வலப்புறத்தே வாங்கியவாறு வீடு திரும்புவான். திரும்புவதற்கு ஒரு வீடு இருப்பதை அன்று அவன் புதிதாக எண்ணிப் பார்ப்பானாயின், அப்பயணம் வீண்போகாது.