தோமாவுக்கே எட்டு நாள் ஆச்சு!

என் தாயாரை அடக்கம்பண்ணின நாளில், கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் "ஆமென்" என்றார்கள். என் வாயும் சொல்லிற்று, உள்ளமோ சொல்லவில்லை. "அம்மா மெய்யாகவே எழுந்திருப்பார்களா?" என்கிற கேள்வியோடு வீடு திரும்பினேன். ஞாயிறுதோறும் கை தட்டிப் பாடுவேன். இராத்திரியிலே, நான் மாய்மாலக்காரனோ என்று பயப்படுவேன். இதை யாரிடம் சொல்ல? "விசுவாசி கேட்கிற கேள்வியா இது?" என்பார்களே!

உயிர்த்தெழுதலின்மேல் விசுவாசம் எப்படி வருகிறது? அத்தாட்சியைக் கண்டால் வந்துவிடும் என்றே எண்ணியிருந்தேன். வேதத்தை நிதானமாய் வாசித்தபோது வேறொன்று கண்டேன். மத்தேயு 28ல் கல்லறையைக் காத்த சேவகர் நடந்ததைக் கண்ணாரக் கண்டவர்கள். என்ன பிரயோஜனம்? பணத்தை வாங்கிக்கொண்டு பொய் சொல்லப் போனார்கள்! மகதலேனா மரியாளும் திறந்த கல்லறையைப் பார்த்தாள். சரீரத்தை யாரோ எடுத்துப்போனதாக நினைத்து அழுதாள். ஆண்டவரே எதிரில் நின்றும், தோட்டக்காரர் என்று எண்ணினாள். அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோதுதான் தெரிந்துகொண்டாள் (யோவான் 20).

அத்தாட்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐந்நூறுக்கு அதிகமான சகோதரர் ஒரே வேளையில் அவரைக் கண்டார்கள், அவர்களில் அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று பவுல் எழுதுகிறாரே (1 கொரிந்தியர் 15). சம்பவம் நடந்தது மெய். ஆனால் அதை அறிவது வேறு, உயிர்த்தவர் என்னைக் கூப்பிடுவதைக் கேட்பது வேறு.

ஒருநாள் வீட்டு ஜெபம் முடிந்ததும், வயதான ஒரு தாயாரிடம் மனதைத் திறந்தேன். அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. "தோமாவுக்கே எட்டு நாள் ஆச்சு தம்பி. நீ கூட்டத்தை மட்டும் விட்டுடாதே" என்றார்கள்.

யோசித்துப் பாருங்கள். நம்பமாட்டேன் என்ற தோமாவை மற்ற சீஷர்கள் வெளியே தள்ளவில்லை. அவனும் வெட்கப்பட்டு விலகிப் போகவில்லை. நம்பினவர்களோடு நம்பாதவனும் உட்கார்ந்திருந்த அந்த வீட்டுக்குள்தான் ஆண்டவர் வந்தார்!

நானும் போய் உட்கார்ந்தேன். தரிசனம் ஒன்றும் காணவில்லை. ஒரு ஞாயிறு, மரியாளை அவர் பெயர் சொல்லி அழைத்த பகுதி வாசிக்கப்பட்டது. "என் அம்மாவின் பெயரும் இவருக்குத் தெரியுமே!" என்று உள்ளம் உடைந்தது. அன்றைக்கு "ஆமென்" உள்ளத்திலிருந்து வந்தது. அல்லேலூயா!

பிரியமானவர்களே, சந்தேகத்தோடு உங்கள் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். அவரைத் துரத்திவிடாதிருங்கள். அந்த ஒருவர் நீங்களானால், வீட்டில் தங்கிவிடாதிருங்கள். எட்டாம் நாள் வரும்.