கம்பி வராத வீட்டில் மின்சாரம்

பேட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட் நேர்திசை மின்சாரத்தை, சுவரில் உள்ள பிளக் பாயிண்டிலிருந்து கிடைப்பது போன்ற மாறுதிசை மின்சாரமாக மாற்றித்தரும் பெட்டி இன்வெர்ட்டர். மின்தடைக்காகத் தமிழ்நாட்டு வீடுகளில் வைக்கப்படுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. காரில் வைப்பது அதன் சின்ன உருவம். காரில் லேப்டாப்பும் கேமராவும் சார்ஜ் செய்ய நினைப்பவர் எத்தனை வாட், என்ன விலை என்று பார்த்து வாங்கிவிடுவார். காரையே சொந்தமாக வைத்துக்கொள்ளாத அமெரிக்காவின் ஆமிஷ் கிறிஸ்தவர்களுக்கு இந்தப் பெட்டி ஒரு வேதக் கேள்வியாக வந்து சேர்ந்தது. ஊர் மின்கம்பி வீட்டுக்குள் வரக்கூடாது என்று ஒப்புக்கொண்டு வாழ்பவர், அதே மின்சாரத்தைத் தம் பேட்டரியிலிருந்து தாமே உண்டாக்கிக்கொள்ளலாமா?

ஆமிஷ் மக்களின் வேர் 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இருக்கிறது. குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, விவரம் தெரிந்த வயதில் தானே கேட்டுப் பெறுவதே செல்லும் என்று 1525-இல் சூரிச்சில் கிளம்பிய அனபாப்டிஸ்ட் இயக்கத்தின் வழிவந்தவர்கள் அவர்கள். 1693-இல் யாக்கோப் அம்மான் என்ற மூப்பர், சபைக் கட்டுப்பாட்டை இன்னும் இறுக்க வேண்டும் என்று பிரிந்தார். அவர் பெயரே கூட்டத்தின் பெயரானது. 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறத் தொடங்கிய அவர்கள், இன்று வட அமெரிக்காவில் சுமார் 4 லட்சம் பேர். பெரிய குடியிருப்புகள் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுண்டியிலும் ஓஹையோவின் ஹோம்ஸ் கவுண்டிப் பகுதியிலும் உள்ளன. ஒவ்வொரு சபை வட்டத்திலும் ஏறத்தாழ 20 முதல் 40 குடும்பங்கள். அந்த வட்டத்தின் நடைமுறை விதிகளுக்கு ‘ஓர்ட்னுங்’ என்று பெயர். அது பெரும்பாலும் எழுதி வைக்கப்படுவதில்லை. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும் திருவிருந்துக்கு முன், சபை கூடி அதை எடுத்துச் சொல்லி ஒப்புக்கொள்கிறது. மனக்கசப்போ கருத்து முறிவோ இருந்தால் திருவிருந்து தள்ளிப்போகும்.

இந்த ஏற்பாட்டுக்கு அடியில் இருக்கும் கொள்கை, தன் விருப்பத்தைக் கடவுளுக்கும் சபைக்கும் விட்டுக்கொடுத்தல். ரோமர் நிருபத்தின் 12-ஆம் அதிகாரம் சொல்லும், உலகத்தின் போக்கில் வார்க்கப்படாத வாழ்க்கையை அவர்கள் தனித்தனி மனிதரின் உள்ளத்துக்குரியதாகப் படிப்பதில்லை. உடை, வண்டி, விளக்கு எல்லாவற்றுக்கும் உரியதாகப் படிக்கிறார்கள். இயந்திரம் பாவம் என்று ஆமிஷ் போதனை சொல்வதில்லை. இந்த இயந்திரம் வந்தால் பத்து வருடத்தில் இந்தச் சபை என்ன ஆகும் என்பதே அங்கே கேட்கப்படும் கேள்வி. கார் விலக்கப்பட்டதற்கும் அதுவே காரணம்: கார் வைத்திருப்பவர் தூரத்துக்குப் போய்விடுவார், அக்கம்பக்கம் கலைந்துவிடும். ஆனால் அவசியத்துக்கு வெளியாள் ஓட்டும் வேனில் வாடகை கொடுத்துப் போகலாம்.

மின்சாரத்தைப் பற்றிய முடிவு 1910-களில் உருவாகி 1920-ஐ ஒட்டி உறுதியானது. 1910-இல் லங்காஸ்டர் சபையிலிருந்து ஒரு கூட்டம் பிரிந்துபோனது. பிரிந்தவர்கள் புதுச் சாதனங்களை எளிதாக ஏற்றுக்கொண்டார்கள். விட்டுக்கொடுத்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அந்தப் பிரிவு கண்முன் உதாரணமாக நின்றதால், எஞ்சியவர்களின் நிலை இறுகியது. ஊர் மின்கம்பியிலிருந்து வரும் 110 வோல்ட் மின்சாரம் கூடாது. 12 வோல்ட் பேட்டரி கூடும் என்பதே அந்த நிலை. டார்ச் விளக்குக்கும் எஞ்சின் கிளப்புவதற்கும் பேட்டரி ஏற்கெனவே பழக்கத்தில் இருந்தது. அதை யாரும் ஆபத்தாக நினைக்கவில்லை.

பேட்டரிக்கும் கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தை வெறும் பழமைப் பிடிப்பு என்று தள்ளிவிட முடியாது. பேட்டரியில் இருப்பது அளவு தெரிந்த மின்சாரம். தீரும், தீர்ந்ததும் சார்ஜ் ஏற்ற எஞ்சினை இயக்க வேண்டும், அல்லது பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எனவே ஒவ்வொரு பயன்பாட்டுக்கு முன்னும் இது வேண்டுமா என்ற யோசனை தானாக வரும். கம்பி வழி வருவதற்கு அடிமட்டம் இல்லை. விளக்குக்கென்று இழுத்த கம்பியில் மறுநாள் வானொலி சேரும், அடுத்த வருடம் தொலைக்காட்சி சேரும். ஒவ்வொரு தடவையும் சபையைக் கேட்க வேண்டிய அவசியம் இருக்காது. மாதக் கட்டணம் கட்டும் வீடு, தனக்குத் தெரியாத ஒரு நிறுவனத்தோடு நிரந்தர உறவில் இருக்கிறது என்பதும் அவர்களுக்கு உறுத்தலான விஷயம்.

பேட்டரிக்கும் கம்பிக்கும் நடுவே போட்ட இந்த வேலி முதலில் பலமாக அசைந்தது பால் வியாபாரத்தில். 1960-களின் இறுதியில் பால் நிறுவனங்கள், கேன்களில் பால் எடுக்க மாட்டோம், குளிரூட்டிய பெரிய தொட்டியில் வைத்தால்தான் எடுப்போம் என்றன. தொட்டியில் பாலை அவ்வப்போது தானாகக் கலக்கிவிடும் கருவியும் வேண்டும். பண்ணை போனால் சபையும் போகும். லங்காஸ்டர் பிஷப்புகள் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். குளிரூட்டலுக்கு டீசல் எஞ்சின், கலக்கும் கருவிக்கு 12 வோல்ட் மோட்டார், ஞாயிற்றுக்கிழமை பால் எடுப்பு இல்லை என்று ஒப்பந்தமானது. மரப்பட்டறைகளில் இதே மனப்பாங்கு வேறு வடிவம் எடுத்தது. டீசல் எஞ்சின் அழுத்திய காற்றையும் எண்ணெய் அழுத்தத்தையும் கொண்டு மின் மோட்டார் செய்யும் வேலையை எல்லாம் செய்ய வைத்தார்கள். அக்கம்பக்கத்தார் அதற்கு ‘ஆமிஷ் மின்சாரம்’ என்றே பெயர் வைத்தார்கள்.

இன்வெர்ட்டர் வந்தபோது சிக்கல் வேறு மாதிரி இருந்தது. அதற்கு முன் வந்தவை எல்லாம் வேலிக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவை. இது விதியின் ஒரு பாதியிலிருந்து இன்னொரு பாதியை உண்டாக்கியது. உள்ளே போவது அனுமதிக்கப்பட்ட 12 வோல்ட். வெளியே வருவது விலக்கப்பட்ட 110 வோல்ட்டுக்கு இணையானது. கம்பியும் இல்லை, மின் நிறுவனமும் இல்லை. அப்படியானால் விலக்கப்பட்டது எது: மின்சாரத்தின் வகையா, அது வரும் வழியா? அதுவரை இரண்டும் ஒன்றாகவே இருந்ததால் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டி வரவில்லை. கடைகளும் பட்டறைகளும் பெருகியபோது கல்லா இயந்திரத்துக்கும் எடை இயந்திரத்துக்கும் இன்வெர்ட்டர் தேவைப்பட்டது. லங்காஸ்டரில் அது சர்ச்சைக்குள்ளாகி, பின் மெல்லப் பழக்கமானது. இறுக்கமான சபைகள் இன்றும் ஏற்பதில்லை.

இந்த இடத்தில் இன்வெர்ட்டர் விற்கும் கடைக்காரர் தரும் வாட் அட்டவணைக்கும் வேதக் கேள்விக்கும் எதிர்பாராத உறவு இருக்கிறது. காரின் லைட்டர் சாக்கெட்டில் செருகும் இன்வெர்ட்டருக்கு ஃபியூஸ்தான் எல்லை. பொதுவாக அந்த ஃபியூஸ் 10 முதல் 15 ஆம்பியர் தாங்கும்; 12 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 120 முதல் 180 வாட், மாற்றும்போது ஏற்படும் 10 முதல் 15 சதவீத இழப்பையும் கழித்தால் இன்னும் குறைவு. அதற்கு மேல் வேண்டுமென்றால் தடித்த கேபிளில் நேரே பேட்டரி முனைகளில் இணைக்க வேண்டும். மோட்டார் உள்ள சாதனம் கிளம்பும் நொடியில் வழக்கமான அளவைப் போல் பல மடங்கு இழுக்கும். பெட்டி அதைத் தாங்க வேண்டும். விலை மலிந்த பெட்டிகள் தரும் படிப்படியான அலை, சில மோட்டார்களையும் சார்ஜர்களையும் சூடாக்கும், முனக வைக்கும். தூய சைன் அலை தருபவை விலை கூடியவை. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியை அதன் ஆயுள் கருதிப் பாதி வரைதான் இறக்கலாம் என்றால், கைக்கு வருவது ஏறத்தாழ 500 வாட்-மணி. 60 வாட் லேப்டாப் எட்டு மணி நேரம் ஓடும். தையல் இயந்திரம் ஓடும். மின்சாரத்தில் இயங்கும் துணி உலர்த்தியை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

அதாவது சின்ன இன்வெர்ட்டரின் போதாமையே அதன் ஒழுக்கம். 150 வாட் பெட்டியை ஏற்றுக்கொள்ளும் சபை, எழுதாமலே பலவற்றை விலக்கிவிடுகிறது. 3000 வாட் பெட்டியும் வரிசையாகப் பேட்டரிகளும் கூரையில் சோலார் தகடுகளும் இருந்தால், கம்பி வராத அந்த வீட்டுக்கும் கம்பி வந்த வீட்டுக்கும் வாழ்க்கையில் என்ன வித்தியாசம்? சோலாரை ஏற்கும் ஆமிஷ் வட்டங்கள் இன்று பல உள்ளன. கேள்வி கற்பனையானது அல்ல. 150 சரி என்றால் 200 ஏன் கூடாது, 200 சரி என்றால் 300 ஏன் கூடாது என்று போய்க்கொண்டே இருக்கலாம். எத்தனை மணல் சேர்ந்தால் குவியல் என்ற பழைய கிரேக்கப் புதிர் இது. அந்தப் புதிருக்குத் தர்க்கத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட விடை இன்றும் இல்லை. சபைக்கோ அது தேவைப்படுவதே இல்லை. கோடு இயற்கையில் இருந்தாக வேண்டியதில்லை, எல்லாரும் அதைக் காத்தால் போதும் என்பது அங்கே வழங்கும் மறுமொழியின் சாரம்.

யூத மத நெறியில் மின்சாரம் பற்றி நடக்கும் விவாதத்தோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். அங்கே கேள்வி செயலைப் பற்றியது: ஓய்வுநாளில் சுவிட்சைப் போடுவது நெருப்பு மூட்டுவதா, கட்டுவதா, வேறு விலக்கப்பட்ட வேலையா? விடை சட்ட நூல்களிலிருந்து வாதித்து எடுக்கப்படும். ஹசோன் இஷ் என்று அறியப்பட்ட ரப்பி அவ்ராஹம் எஷாயா கரெலிட்ஸ், மின்நிலையத்தில் யூதர்கள் ஓய்வுநாளில் உழைப்பதால் அந்த மின்சாரத்தை அன்று பயன்படுத்தலாகாது என்றார். அதனால் இஸ்ரேலின் ப்னேய் ப்ராக் நகரில் பல வீடுகள் அன்றைக்கு ஜெனரேட்டருக்கோ பேட்டரிக்கோ மாறுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு இடத்திலும் பேட்டரி, இரண்டு இடத்திலும் ஊர்க் கம்பிக்கு விலக்கு. ஆனால் ப்னேய் ப்ராக்கில் மறுநாள் கம்பியைத் தொடத் தடையில்லை. ஆமிஷ் சபையில் விலக்கு ஒரு நாளுக்கோ செயலுக்கோ உரியது அல்ல, உறவுக்கு உரியது.

ஆமிஷ் வழக்கத்தின் மீது அடிக்கடி வைக்கப்படும் குற்றச்சாட்டு போலித்தனம். கார் வாங்கமாட்டார்கள், ஆனால் ஏறுவார்கள். வீட்டுக்குள் தொலைபேசி வைக்கமாட்டார்கள், ஆனால் வயல் ஓரத்துச் சிறு கொட்டகையில் வைப்பார்கள். ஒரு பொருள் தீயது என்ற கொள்கையிலிருந்து விதி பிறந்திருந்தால் இந்தக் குற்றச்சாட்டு நிற்கும். விதி பிறந்தது வேறிடத்தில். ஏறுவதற்கும் உடைமையாக்குவதற்கும் நடுவே ஒரு தடங்கல் இருக்கிறது. கொட்டகை வரை நடப்பதும் தடங்கல்தான். ஆல்பர்ட் போர்க்மன் என்ற தத்துவவாதி 1984-இல் வெளியான நூலில் இதை மறுபக்கத்திலிருந்து விளக்கினார். விறகடுப்பு குடும்பத்துக்கு வேலை கொடுத்து ஒரே இடத்தில் கூட்டியது, மைய வெப்பமூட்டி வெப்பத்தை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதை எல்லாம் மறையச் செய்தது என்பது அவர் வாதம். அவர் வருத்தத்தோடு பதிவு செய்த அந்த மறைவை, ஆமிஷ் சபை வாக்கெடுத்துத் தடுக்கப் பார்க்கிறது.

இருந்தாலும் தடங்கலை நம்பிய நெறிக்கு ஒரு பலவீனம் உண்டு. தடங்கல் சபையின் கையில் இல்லை, சாதனம் செய்பவரின் கையில் இருக்கிறது. கைபேசி அதைக் காட்டிவிட்டது. அதற்குச் சார்ஜ் ஏற்ற 5 வோல்ட் நேர்திசை மின்சாரம் போதும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஒரு சின்ன யூஎஸ்பி சாக்கெட் அதைக் கொடுத்துவிடும். இன்வெர்ட்டரே வேண்டாம், 110 வோல்ட் எந்த இடத்திலும் எட்டிப்பார்ப்பதில்லை. குதிரை வண்டியின் விளக்குக்கென்று வைத்த பேட்டரியிலேயே சட்டைப்பைக்குள் அடங்கும் உலகம் சார்ஜ் ஆகும். வானொலியையும் தொலைக்காட்சியையும் வெளியே நிறுத்திய வோல்ட் வேலி, அவற்றை விடப் பெரிய ஒன்றுக்கு முன் பொருளற்றுப்போனது. எனவே மின்சாரத்தைப் பற்றிய விதியால் சாதனத்தைக் கட்டுப்படுத்தும் பழைய வழியை விட்டு, கைபேசியை அதன் பெயர் சொல்லியே விவாதிக்க வேண்டிய நிலைக்குச் சபைகள் வந்திருக்கின்றன. தொழிலுக்கு மட்டும், இணையம் இல்லாமல், இளைஞருக்குக் கூடாது என்று வட்டத்துக்கு வட்டம் விடை மாறுகிறது.

எதிர்முனையில் ஸ்வார்ட்ஸென்ட்ரூபர் என்ற இறுக்கமான ஆமிஷ் பிரிவினர் இருக்கிறார்கள். வண்டியில் மண்ணெண்ணெய் லாந்தர், சாம்பல் நிற ஒளிபிரதிபலிப்பு நாடா, மின்விளக்கு இல்லை. 2022-இல் ஓஹையோ மாநிலம், குதிரை வண்டிகளின் பின்புறம் மஞ்சள் நிற மின்னும் விளக்கு கட்டாயம் என்று சட்டம் செய்தது. பிற ஆமிஷ் வட்டங்கள் பலவற்றில் பேட்டரி விளக்கும் திரும்பல் சைகை விளக்கும் அதற்கு முன்பே இருந்தன. அவர்களுக்கு அது பெரிய செய்தி அல்ல. ஸ்வார்ட்ஸென்ட்ரூபர் ஆண்கள் சிலர் மறுத்து அபராதத்துக்கு ஆளானார்கள். இரவுச் சாலையில் பின்னால் வரும் கார் ஓட்டுநரின் உயிரும் இந்தக் கணக்கில் சேர்கிறது என்பது மாநிலத்தின் வாதம். தன் சபைக்காக ஏற்கும் தடங்கலின் விலையைச் சபைக்கு வெளியே உள்ளவர் எவ்வளவு தூரம் சுமக்கலாம் என்ற இந்தக் கேள்விக்கு, ஓர்ட்னுங் தனக்குள்ளிருந்து விடை தர முடியாது. அது ஓஹையோவின் நீதிமன்றங்களுக்குப் போயிருக்கிறது.