சிலைக்குச் சிரிப்பு வருமா?

ஆடலூர் காபித் தோட்டத்தில் கை நின்றால் மேஸ்திரி குரல் கொடுப்பார். வேலை என்றாலே அசைவு என்று நம்பி வளர்ந்தவன் நான். முதல்முறை சென்னை போய், கிழக்குக் கடற்கரைச் சாலை விஜிபி பூங்காவுக்குள் நுழைந்தபோது, ராட்டினங்களைவிட என்னை நிற்கவைத்தவர் அங்கிருந்த சிலை மனிதர்தான். ராஜா காலத்துக் காவலாளி மாதிரி உடுப்பு. அசையாமல், சிரிக்காமல் நிற்பதே உத்தியோகம். சுற்றி நின்றவர்கள் முகத்துக்கு நேராகக் கோணங்கி காட்டினார்கள், சீண்டினார்கள்.

“சம்பளம் வாங்குறார்ல, இதுல என்னடா தப்பு?” என்றான் மாமா பையன்.

லேசான கேள்வி இல்லை அது. லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனைக் காவலரும் அசையாமல்தான் நிற்கிறார். ஆனால் எல்லை மீறினால் அதட்டுவார். அவருக்குப் பின்னால் ஓர் அரசு இருக்கிறது. இவர் அதட்டினால் வேலையே கெட்டது. ராட்டினத்தில் காசு கொடுத்து நாம் வாங்குவது நம்முடைய பயத்தை. இங்கே வாங்குவது இன்னொருவர் பதில் பேசாமல் இருப்பதை.

ஓட்டலில் பரிமாறுகிறவர், கஸ்டமர் கேரில் பேசுகிற பெண், இவர்களுக்கும் முகமோ குரலோ மாறக்கூடாது என்பதுதான் வேலை விதி. அவர்கள் விற்றது பொறுமையை. மரியாதையையும் சேர்த்தே விற்றுவிட்டார்கள் என்று கணக்கு எழுதிக்கொள்வது நாம்தான்.